பழைய கட்டடங்களின் ஆயுளை முடிவுசெய்வது எது?

ஊருக்கு நடுவே நிற்கும் பழைய கட்டடம் ஒன்றை இடிக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் வாக்குவாதம் தொடங்கிவிடும். ஒரு தரப்பு தூண்களையும் வளைவுகளையும் காட்டும். மறுதரப்பு சுவரில் ஓடும் விரிசலையும் ஒழுகும் கூரையையும் காட்டும். இருவருமே கட்டடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான கட்டடங்களின் விஷயத்தில் முடிவு அதற்கு முன்பே, கட்டடத்தைப் பார்க்காமலேயே எடுக்கப்பட்டிருக்கும். அந்த மனையில் இப்போது எத்தனை சதுர அடி இருக்கிறது, சட்டப்படி எத்தனை சதுர அடி கட்டலாம் என்ற இரண்டு எண்களை வைத்து எடுத்த முடிவு அது.

மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு தளப்பரப்பு எழுப்பலாம் என்பதை நகரத் திட்டம் வரையறுக்கிறது. இந்தியாவில் இதை எஃப்.எஸ்.ஐ. என்பார்கள், வேறு நாடுகளில் வேறு பெயர். 10,000 சதுர அடி மனையில் 12,000 சதுர அடிக்கு ஒரு மாடிக் கட்டடம் நூறு வருடமாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். விதி நான்கு மடங்கு வரை அனுமதித்தால் அங்கே 40,000 சதுர அடி எழுப்பலாம். கட்டாமல் விட்ட அந்த 28,000 சதுர அடி உரிமையாளரின் தூக்கத்தைக் கெடுக்கும். நாளைக்கே பக்கத்தில் ஒரு மெட்ரோ நிலையம் வந்து, அரசு அந்த நான்கை ஆறாக உயர்த்தினால், அந்தத் தெருவிலுள்ள எல்லாப் பழைய கட்டடங்களும் ஒரே நாளில் ஆபத்தில் விழுகின்றன. எந்தச் சுவரிலும் புதிதாக ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. மாறியது அரசாணையிலுள்ள ஓர் எண் மட்டும்தான்.

அதனால்தான் பாரம்பரியத்தைப் பற்றி உருக்கமாகப் பேசுவது மட்டும் எந்தக் கட்டடத்தையும் நெடுநாள் காப்பாற்றுவதில்லை என்று நினைக்கிறேன். இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டு அதை மாற்றிய நகரங்களே ஓரளவு காப்பாற்றியிருக்கின்றன.

நியூயார்க்கின் இரண்டு ரயில் நிலையங்கள்

இதைத் தெளிவாகக் காட்டும் கதை நியூயார்க்கில் இருக்கிறது. 1910-இல் திறந்த பென்சில்வேனியா ரயில் நிலையம், பண்டைய ரோமானியக் குளியல் மண்டபங்களை மாதிரியாக வைத்து எழுப்பிய மாபெரும் கட்டடம். 1963 அக்டோபரில் அதை இடிக்கத் தொடங்கினார்கள். அது இடிந்து விழும் நிலையில் இருக்கவில்லை. அதை வைத்திருந்த ரயில் கம்பெனிதான் சரிந்துகொண்டிருந்தது. மக்கள் காருக்கும் விமானத்துக்கும் மாறிவிட்டார்கள். ரயிலில் வருமானம் இல்லை. ஆனால் நகரத்தின் நடுவே, நிலையத்துக்கு மேலே இருந்த வெற்றுவெளிக்கு விலை இருந்தது. அதை விற்றார்கள். மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கமும் ஓர் அலுவலகக் கோபுரமும் மேலே வந்தன. தண்டவாளங்களும் நடைமேடைகளும் பூமிக்கடியில் அப்படியே இருக்க, பயணிகள் தாழ்ந்த கூரைகளுக்குக் கீழே போய்வர வேண்டியதாயிற்று.

அந்த இழப்பு கிளப்பிய கோபத்தில் 1965-இல் நியூயார்க் நகரம் முக்கியக் கட்டடங்களைப் பாதுகாக்க ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1967-இல் இன்னொரு பெரிய நிலையமான கிராண்ட் சென்ட்ரல் அந்தச் சட்டத்தின் கீழ் வந்தது. அடுத்த வருடமே அதன் உரிமையாளர்கள் நிலையத்துக்கு மேல் 55 மாடிக் கோபுரம் எழுப்பத் திட்டம் கொடுத்தார்கள். பாதுகாப்பு ஆணையம் மறுத்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. "என் சொத்தின் மேல் என்னைக் கட்டவிடாமல் தடுத்தால் அது பறிமுதல், அதற்கு இழப்பீடு வேண்டும்" என்பது உரிமையாளர் வாதம். 1978-இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நீதிமன்றம் அதை நிராகரித்தது.

தீர்ப்பில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நிலையமாக அது தொடர்ந்து நியாயமான வருமானம் தரும் என்றது நீதிமன்றம். கூடவே, அங்கே பயன்படுத்த முடியாத கட்டும் உரிமையைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ள நகரம் அனுமதிக்கிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. கட்டாத சதுர அடிகளை இன்னொருவருக்கு விற்றுவிட்டுப் பழைய கட்டடத்தை வைத்துக்கொள்ளலாம். இன்று உலகில் பல நகரங்கள் இந்த முறையைப் பயன்படுத்துகின்றன.

1965 சட்டம் அதிகாரிகளுக்கு "கூடாது" என்று சொல்லும் உரிமையைக் கொடுத்தது. கட்டும் உரிமையை மாற்றும் முறை, அப்படிச் சொல்லப்பட்டவருக்கு ஒரு வழியைக் கொடுத்தது. முதலாவது மட்டும் இருக்கும் ஊர்களில் பாரம்பரியப் பட்டியலில் பெயர் வருவதையே உரிமையாளர் தண்டனையாகப் பார்க்கிறார். பட்டியல் தயாராகிறது என்ற வதந்தி வந்தாலே ராத்திரியோடு ராத்திரியாகச் சுத்தியல் வந்துவிடும். உரிமையாளரின் பேராசையைத் திட்டுவது சுலபம். ஆனால் தன் சொந்தப் பணத்தைப் போட்டு ஊருக்காக ஒரு கட்டடத்தைப் பராமரிக்கச் சொல்லும் நாம், அந்தச் செலவில் நம் பங்கு என்ன என்பதைச் சொல்வதே இல்லை.

கட்டடம் எப்படிப் பாழடைகிறது

"ரொம்பப் பழசு, பாழடைஞ்சு போச்சு, இடிக்கிறதைத் தவிர வழியில்லை" என்று சொல்லும்போது, பாழடைவது ஏதோ இயற்கை நிகழ்வு போல ஆகிவிடுகிறது. நன்றாகக் கட்டிய செங்கல் சுவர் பல நூற்றாண்டு நிற்கும். அதைப் பாழாக்குவது பராமரிப்புக்குப் பணம் வராமல் போவதுதான். அந்தப் பணம் ஏன் வரவில்லை என்று தேடிப் போனால், பெரும்பாலும் ஏதோ ஒரு சட்டத்தில் போய் முட்டும்.

மும்பையின் கதை இதற்குப் பெரிய சான்று. 1947-இல் வந்த பம்பாய் வாடகைச் சட்டம் வாடகையை ஏறக்குறைய 1940-ஆம் வருட அளவிலேயே நிறுத்திவைத்தது. போருக்குப் பின் வீடு கிடைக்காமல் தவித்த மக்களை வீட்டுக்காரர்களிடமிருந்து காப்பாற்ற அது தேவைப்பட்டது. தற்காலிகம் என்று வந்த ஏற்பாடு பல பத்தாண்டுகள் நீடித்தது. விலைவாசி ஏறிக்கொண்டே போக, வாடகை நின்ற இடத்திலேயே நின்றது. வாடகையைவிட ரிப்பேர் செலவு பல மடங்கு ஆனதும் உரிமையாளர்கள் கைகழுவிவிட்டார்கள். ஒவ்வொரு மழைக்காலத்திலும் கட்டடங்கள் சரிந்து உயிர்ப்பலி வாங்கத் தொடங்கியதும், 1969-இல் அரசு தனிச் சட்டம் போட்டு, தனி வரி வசூலித்து, தானே ரிப்பேர் பார்க்க முன்வந்தது. அதன் கீழ் வந்த கட்டடங்கள் 19,000-க்கும் மேல். அதுவும் போதவில்லை. கடைசியில், பழைய குடியிருப்பாளர்களுக்கு இலவசமாகப் புது வீடு கட்டிக்கொடுத்தால் பில்டர் கூடுதல் தளப்பரப்பைக் கட்டி விற்கலாம் என்ற வழி வந்தது. மேலே சொன்ன இரண்டு எண்களின் கணக்கு இப்போது அரசுக் கொள்கையாகவே ஆகிவிட்டது. அதே மும்பைதான் 1995-இல் இந்தியாவிலேயே முதலாவதாகப் பாரம்பரியக் கட்டட விதிகளைக் கொண்டுவந்தது. ஒரு கை காப்பாற்றுகிறது, இன்னொரு கை இடிப்பவருக்குக் கூடுதல் சதுர அடியை நீட்டுகிறது.

சரி, வாடகைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனில் அதைச் செய்து பார்த்தார்கள். 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு அங்கே 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் முடிவுக்கு வந்தது. கீழே கடை, மேலே வீடு என்று தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் திடீரென்று பல மடங்கு ஏறிய வாடகையைக் கொடுக்க முடியாமல் வெளியேறின. கைத்தொழில் செய்தவர்களும் சிறு வியாபாரிகளும் போனார்கள். காலியான சில வீடுகளை, உணவாக விலைபோகும் கூடுகளுக்காக உழவாரன் குருவி வளர்க்கும் இடங்களாக மாற்றினார்கள். குருவிகளுக்காக உள்ளே ஈரத்தைத் தேக்கி வைத்ததில் சுவர்கள் கெட்டன. 2008-இல் யுனெஸ்கோ அந்நகரத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, அந்தத் தெருக்களுக்கு அந்தத் தகுதியைத் தேடித்தந்த மனிதர்களில் பெரும்பங்கு பேர் அங்கே இல்லை.

உறையவைத்த வாடகை கட்டடத்தை மெல்லக் கொல்லும். ஒரே நாளில் விடுவித்த வாடகை உள்ளே இருப்பவர்களை விரட்டும். இரண்டுக்கும் நடுவே, வாடகையைச் சிறுகச் சிறுக உயர்த்துவது, ரிப்பேருக்குக் கடனோ மானியமோ கொடுப்பது, ஏழைக் குடியிருப்பாளருக்கு வாடகையில் ஒரு பகுதியை அரசே தருவது என்று செய்யக்கூடியவை இருக்கின்றன. கவர்ச்சி இல்லாத நிர்வாக வேலைகள் இவை. ஆனால் எவ்வளவு தூண்களும் வளைவுகளும் மிஞ்சும் என்பது இந்த வேலைகளைப் பொறுத்தது.

வரியும் இதில் சேரும். பிரிட்டனில் புதிதாக வீடு கட்டினால் பொதுவாக மதிப்புக் கூட்டு வரி கிடையாது. இருக்கிற வீட்டைப் பழுதுபார்த்தால் பொதுவாக 20 சதவீதம் வரி. பாரம்பரியத்தின் மேல் அவ்வளவு பற்றுள்ள நாட்டிலேயே, இடித்துக் கட்டுவதற்குச் சலுகையும் பழுதுபார்ப்பதற்கு வரியும் இருப்பதைப் பார்க்கும்போது, இந்த முரண்பாட்டை ஏன் யாரும் அவசரமாகத் தீர்க்கவில்லை என்று வருத்தமாகத்தான் இருக்கிறது.

"பாதுகாப்பில்லை" என்ற சான்றிதழ்

இடிப்பதற்கான கடைசிக் காரணமாக வந்து நிற்பது பொறியாளரின் சான்றிதழ். இதை மதிக்க வேண்டும். மனித உயிரைவிட எந்தக் கட்டடமும் பெரிதில்லை. ஆனால் அந்தச் சான்றிதழை எழுதியவர் யார், அவருக்குப் பணம் கொடுத்தது யார், அவர் எதில் பயிற்சி பெற்றவர் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இன்றைய பொறியாளர் படித்ததெல்லாம் சிமென்ட், கம்பி, கான்கிரீட். பழைய சுவர் வேலை செய்யும் விதமே வேறு. சுண்ணாம்புச் சாந்து மிருதுவானது, ஈரத்தை உள்ளே விட்டு வெளியே விடும். சுவர் கொஞ்சம் அசைந்தாலும் சாந்து அந்த அசைவைத் தாங்கிக்கொள்ளும். மழையில் நனைந்த சுவர் வெயிலில் தானாகக் காயும். அந்தச் சுவரின் மேல், "பலப்படுத்துகிறேன்" என்று யாரோ சிமென்ட் பூசிவிடுகிறார். சிமென்ட் கெட்டியானது, ஈரத்தை எளிதில் வெளியே விடாது. அடியிலிருந்து ஏறும் ஓதம் செங்கல்லுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. உப்புப் பூக்கிறது, செங்கல்லின் முகம் செதில் செதிலாக உதிர்கிறது, சுவருக்குள் சொருகிய மர உத்தரங்களின் முனை மக்குகிறது. பத்து இருபது வருடம் கழித்து வருகிறவர் அதைப் பார்த்து, "கட்டடம் முடிஞ்சு போச்சு" என்கிறார். முடித்துவைத்தது சில நேரம் அந்த ரிப்பேர்தான். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டதால் சரியான ரிப்பேர் அரிதாகிறது. அரிதானதால் செலவு கூடுகிறது. செலவு கூடியதால் இடிப்பதே லாபம் என்றாகிறது.

இன்னொரு வழியும் உண்டு. கூரையில் நாலு ஓடு போனால் அப்படியே விடுவது. சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்காமல் விடுவது. காலி வீட்டின் ஜன்னலைத் திறந்தே போடுவது. மூன்று நான்கு மழைக்காலம் போதும். சில நாடுகளில், பாதுகாப்பில் உள்ள கட்டடத்தை உரிமையாளர் இப்படி விட்டால் அரசே உள்ளே புகுந்து ரிப்பேர் செய்து, செலவை அவரிடம் வசூலிக்கச் சட்டம் இருக்கிறது. அந்த அதிகாரம் இல்லாத இடத்தில் பாதுகாப்புப் பட்டியல் வெறும் காகிதம்.

அதற்காகப் பழைய கட்டடம் என்றாலே உறுதியானது என்று சொல்ல முடியாது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 2011 பிப்ரவரி 22 அன்று வந்த நிலநடுக்கத்தில் 185 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய 40 பேரின் உயிரைப் பறித்தவை வலுவூட்டாத பழைய செங்கல் கட்டடங்கள். தெருவில் போனவர்கள் மேலும் பேருந்து மேலும் முகப்புச் சுவர்கள் சரிந்தன. அதே நாளில், ஒரே கட்டடத்தில் மிக அதிகமாக, 115 பேர் இறந்தது 1980-களில் கட்டிய ஒரு கான்கிரீட் அலுவலகக் கட்டடத்தில். ஆபத்து வயதில் இல்லை, வடிவமைப்பிலும் கட்டிய விதத்திலும் இருக்கிறது. பழைய கட்டடத்துக்கு வலுவூட்டவும் முடியும். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 1894-இல் கட்டிய நகராட்சிக் கட்டடத்தை, 1980-களின் இறுதியில் அஸ்திவாரத்திலிருந்து பிரித்து ரப்பர் தாங்கிகள் மேல் உட்காரவைத்தார்கள். நிலம் ஆடினாலும் மேலே ஆட்டம் வெகுவாகக் குறையும். பணம் பிடித்த வேலைதான். எல்லாக் கட்டடத்துக்கும் இதைச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். உண்மையிலேயே ஆபத்தான, காப்பாற்ற வழியில்லாத கட்டடத்தை இடிக்கத்தான் வேண்டும். அந்த முடிவை நிலத்தில் லாபம் இல்லாத ஒருவர் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எரிந்து முடிந்த கரி

கடந்த இருபது ஆண்டுகளில் இந்த விவாதத்துக்குள் புதிதாக வந்திருப்பது கார்பன் கணக்கு. உலகில் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடில் 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பில் மட்டும் வருகிறது. அதில் பாதிக்கு மேல் சூளைக்கு எரிக்கும் எரிபொருளில்கூட வருவதில்லை. சுண்ணாம்புக்கல் சூட்டில் பிரியும்போது கல்லிலிருந்தே வருகிறது. அதனால் எவ்வளவு சுத்தமான மின்சாரத்தைக் கொண்டுவந்தாலும் அந்தப் பங்கு குறையாது. நிற்கிற கட்டடத்துக்காக எரித்த கரி என்றோ எரிந்து முடிந்துவிட்டது. அதை இடித்துவிட்டு இன்னொன்றை எழுப்பினால் மறுபடியும் எரிக்க வேண்டும், அதுவும் இப்போதே, உமிழ்வைக் குறைத்தாக வேண்டிய இந்த ஆண்டுகளிலேயே.

"புதுக் கட்டடம் மின்சாரத்தை மிச்சப்படுத்துமே" என்ற பதிலில் உண்மை இருக்கிறது. ஆனால் காலக்கணக்கு இடிக்கிறது. அமெரிக்காவின் தேசியப் பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளை 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சிக்கனமான புதுக் கட்டடம் ஒன்று தன்னைக் கட்டியதால் ஏற்பட்ட பாதிப்பை, தன் மின்சாரச் சேமிப்பால் ஈடுகட்ட 10 முதல் 80 ஆண்டுகள் ஆகும். கட்டட வகையையும் இடத்தையும் பொறுத்து அது மாறும்.

லண்டனின் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் நிறுவனம் தன் 1930-ஆம் ஆண்டுக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட அனுமதி கேட்டபோது இந்த வாதம் முதன்முறையாகப் பெரிய அளவில் மோதியது. அதில் வெளியாகும் கார்பன் ஏறக்குறைய 40,000 டன் என்று எதிர்த்தவர்கள் வாதிட்டார்கள். 2023-இல் அமைச்சர் மறுத்தார். 2024 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து செய்தது. அந்த ஆண்டு டிசம்பரில் புதிய அரசு அனுமதி கொடுத்துவிட்டது. கார்பனைக் காரணம் காட்டித் தடுக்கத் தெளிவான விதி இல்லாததுதான் வழக்கில் தெரிந்த பலவீனம்.

நியூயார்க்கில் நடந்தது இன்னும் உறுத்துகிறது. பார்க் அவென்யூவில் 1960-இல் கட்டிய 52 மாடி யூனியன் கார்பைடு கோபுரத்தை 2011 வாக்கில் பெரும் செலவில் புதுப்பித்து, பசுமைக் கட்டடங்களுக்கான மிக உயர்ந்த தரச் சான்றும் வாங்கினார்கள். பத்து ஆண்டுகளுக்குள் அதை இடித்துவிட்டு ஜேபி மார்கன் வங்கி இன்னும் உயரமான தலைமையகத்தைக் கட்டியது. கூடுதல் உயரத்துக்கான உரிமையில் ஒரு பகுதி கிராண்ட் சென்ட்ரல் நிலையத்திலிருந்து வாங்கியது. ஒரு கட்டடத்தைக் காப்பாற்றிய அதே ஏற்பாடு இன்னொன்றை இடிப்பதை லாபமாக்கியது. கட்டும் உரிமையை மாற்றும்போது, அது எங்கே போய் இறங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

உள்ளே இருப்பவர்கள்

நகர மறுசீரமைப்பு என்ற பெயரில் நடந்த பெரிய இடிப்புகளில் பல, அழகான மாளிகைகளை இடித்தவை அல்ல. ஏழைகள் வாழ்ந்த சாதாரண வீடுகளை இடித்தவை. பாஸ்டன் நகரத்தின் வெஸ்ட் எண்ட் பகுதியை 1950-களின் இறுதியில் சேரி என்று அறிவித்து, ஏறக்குறைய 2,700 குடும்பங்களை அப்புறப்படுத்தி, தரைமட்டமாக்கினார்கள். அங்கே வசதியானவர்களுக்கான அடுக்குமாடிகள் வந்தன. செயின்ட் லூயிஸ் நகரில் இன்னொரு பழைய குடியிருப்புப் பகுதியை அழித்து 33 கட்டடங்கள் கொண்ட புரூட்-ஐகோ குடியிருப்பைக் கட்டினார்கள். 1950-களின் நடுவில் முடிந்த அதைப் பராமரிக்கப் பணம் ஒதுக்காமல் விட்டதில், 1972-இல் இடிக்கத் தொடங்கி 1976-க்குள் முழுதாக அகற்றினார்கள். பழைய வீடுகளைப் பராமரிக்காததால் இடித்தார்கள். புதிய வீடுகளையும் பராமரிக்காமல் இடித்தார்கள்.

வேறு வழி உண்டு என்பதை பிரான்சில் லகாதோன், வாசால் என்ற கட்டடக் கலைஞர்கள் காட்டியிருக்கிறார்கள். போர்தோ நகரத்தில் 1960-களில் கட்டிய மூன்று பொதுக் குடியிருப்புக் கட்டடங்கள், மொத்தம் 530 வீடுகள். அவற்றில் அழகு என்று யாரும் சொல்லும்படி ஒன்றுமில்லை. இடிக்காமல், வெளிப்புறத்தில் ஒரு புதிய சட்டகத்தைச் சேர்த்து, ஒவ்வொரு வீட்டுக்கும் கண்ணாடி போட்ட அகலமான கூடமும் பால்கனியும் கொடுத்தார்கள். வெளிச்சம் வந்தது, இடம் பெருகியது, குளிர்கால வெப்பச் செலவு குறைந்தது. வேலை நடந்தபோது குடியிருந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள், வாடகையும் ஏறவில்லை. 2021-இல் அவர்களுக்குக் கட்டடக் கலையின் உயரிய பரிசான பிரிட்ஸ்கர் கிடைத்தது. பாதுகாப்பு என்றால் அரண்மனைக்கும் நீதிமன்றத்துக்கும் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இந்த 530 வீடுகளைப் பார்க்க வேண்டும்.

முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் எல்லாவற்றையும் இடித்துக் கண்ணாடிக் கோபுரம் எழுப்பும் சமரசத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தெருவின் தோற்றம் கொஞ்சம் மிஞ்சும் என்பது உண்மை. ஆனால் கட்டடத்தின் அறைகள், படிக்கட்டு, முற்றம், அங்கே நடந்த தொழில் எல்லாம் போய்விடும், கார்பனும் மிச்சமாகாது. சில இடங்களில் வேறு வழியே இல்லாமல் இதை ஏற்கலாம். இதைப் பாதுகாப்பு என்று அழைப்பதுதான் எனக்கு ஏற்கவில்லை. அதேசமயம், பழைய கல்லே அங்கே இருக்க வேண்டும் என்பதும் முற்றான விதி இல்லை. 1944-இல் ஜெர்மானியப் படைகள் திட்டமிட்டுத் தகர்த்த வார்சாவின் பழைய நகரத்தை, 18-ஆம் நூற்றாண்டு ஓவியங்களையும் போருக்கு முன் எடுத்த அளவுப் படங்களையும் வைத்து மறுபடி எழுப்பினார்கள். 1980-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியமாக ஏற்றது. அந்த ஊர் மக்களுக்கு அது தங்கள் ஊரைத் திரும்பப் பெறும் வேலையாக இருந்தது. வணிகக் கோபுரத்துக்கு ஒட்டவைத்த முகப்போடு அதைச் சேர்க்க முடியாது.

இனி வரப்போகும் இடிப்புகள்

அடுத்து வரிசையில் நிற்பவை 1960-களிலும் 70-களிலும் எழுந்த கான்கிரீட் கட்டடங்கள். இவற்றைப் பழையவை என்று சொல்லப் பலருக்கு மனம் வராது; அழகானவை என்று சொல்லவும் வராது. ஆனால் மனைகளின் மதிப்பு ஏறிவிட்டது. டோக்கியோவில் 1972-இல் கழற்றி மாட்டும் 140 அறைகளோடு கட்டிய நகாகின் கேப்சூல் கோபுரத்தில், அறைகளைச் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவதாகத் திட்டம். ஒருமுறைகூட மாற்றவில்லை. 2022-இல் பிரித்தெடுத்துவிட்டார்கள்.

சிங்கப்பூரில் ஒரே தலைமுறையைச் சேர்ந்த இரண்டு கட்டடங்களுக்கு நேர்ந்ததை ஒப்பிட்டால், நான் சொல்லும் கணக்கு தெளிவாகப் புரியும். அந்த நகரம் 1989-இல் தன் பழைய கடைவீடுகளைப் பகுதி பகுதியாகப் பாதுகாக்கத் தொடங்கி, இன்று 7,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களைப் பட்டியலில் வைத்திருக்கிறது. 1976-இல் முடிந்த பேர்ல் பேங்க் என்ற 38 மாடிக் குடியிருப்பு, குதிரை லாட வடிவில் நின்ற தனித்துவமான கட்டடம். அதைப் பாதுகாக்க வேண்டும் என்று அங்கு குடியிருந்தவர்களே முயன்றார்கள். எல்லா உரிமையாளர்களின் ஒப்புதலும் தேவைப்பட்டது, கிடைக்கவில்லை. 2018-இல் மொத்தமாக விற்றார்கள், பிறகு இடித்தார்கள். 280 வீடுகள் இருந்த இடத்தில் இப்போது 774 வீடுகள்.

1973-இல் கட்டிய கோல்டன் மைல் காம்ப்ளக்ஸுக்கும் அதே விற்பனைதான் காத்திருந்தது. ஆனால் 2021-இல் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தபோது, வாங்குபவருக்குச் சில சலுகைகளையும் சேர்த்தே அறிவித்தது. மூன்றில் ஒரு பங்கு கூடுதல் தளப்பரப்பைப் பக்கத்தில் கட்டிக்கொள்ளலாம், குத்தகைக் காலத்தைப் புதுப்பித்துக்கொள்ளலாம். கட்டடத்தை நிறுத்தி வைத்தே லாபம் பார்க்க வழி இருந்ததால் வாங்க ஆள் வந்தது, கட்டடமும் பிழைத்தது. ஆனால் அந்தக் கட்டடத்தின் உள்ளே பல ஆண்டுகளாகத் தாய்லாந்து உணவகங்களும் மளிகைக் கடைகளும் பயணச் சீட்டு முகவர்களும் நடத்திவந்தவர்கள் 2023-இல் கடையைக் காலி செய்து போனார்கள். அவர்களை அங்கேயே வைத்திருக்க எந்தச் சலுகையும் யாரும் அறிவிக்கவில்லை.